கைகட்டி நிற்கும் ஏற்பி

நேயர்களுக்கு வணக்கம்.

சுண்டெலிக் குட்டிகள் பிறக்கும்போது இமைகள் ஒட்டியே இருக்கும். கண் திறக்க 12 முதல் 14 நாளாகும். 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைக் குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவர் தேடியது நரம்பை வளர்க்கும் புரதத்தை. ஆனால் ஏழாம் நாளிலேயே குட்டிகள் கண்ணைத் திறந்துவிட்டன! நரம்புக்கும் இமைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுக்காமல், அவர் அதன் பின்னாலேயே போனார். கிடைத்தது இ.ஜி.எஃப்., அதாவது மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 53 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதம். 1986இல், அந்த நரம்பு ஆய்வில் தம்மோடு உழைத்த ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு கோஹன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செய்தி சொல்ல இந்தப் புரதம் செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. வெளியே இருந்தபடியே உள்ளே இருப்பதை எழுப்பிவிடும். எப்படி?

செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கிறது ஏற்பி என்னும் பெரிய புரதம். வெளியே ஒரு பகுதி, உள்ளே ஒரு நொதி. காரணி வராத நேரத்தில் வெளிப்பகுதி மடங்கிக் கிடக்கும். அதன் கை போன்ற நீட்சி தன் உடம்போடேயே ஒட்டியிருக்கும். கைகட்டி நிற்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். காரணி வந்து பொருந்தியதும் ஏற்பி நிமிர்கிறது, கை விடுபட்டு நீள்கிறது, அதேபோல் நிமிர்ந்த இன்னோர் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. பூட்டும் சாவியும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த உவமை இங்கே பாதி தூரம்தான் வரும். ஜோடி சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அந்த ஜோடியில் இரண்டு காரணிகளும் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை, இரு வெளிப்புறங்களிலும் ஒதுங்கியிருக்கின்றன. கைகோப்பவை ஏற்பிகளே. 2002இல், ஏற்பியைப் படிகமாக்கி அறிந்த வடிவங்கள் வெளியானபோது இது கண்ணுக்குத் தெரிந்தது.

வெளியே கைகோத்ததும் உள்ளே ஒரு நொதி மற்றதோடு ஒட்டி நின்று அதை முடுக்கிவிடுகிறது. அது ஏற்பியிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்கள்மேல் பாஸ்பேட்டை ஏற்ற, அந்த இடங்களில் வேறு புரதங்கள் வந்து ஒட்டி, ‘பெருகு’ என்ற செய்தி செல்லின் உட்கரு வரை போகிறது. பிறகு செல் அந்த ஜோடியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பலவற்றைச் சிதைத்தும் விடுகிறது. செய்தியை இப்படி நிறுத்தும் வேலை முடுக்கும் வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. சில நுரையீரல் புற்றுநோய்களில் ஏற்பியின் 858ஆவது அமினோ அமிலம் ஒன்று மாறிப்போனதாலேயே, காரணி வராமலே நொதி ஓயாமல் ஓடுகிறது.

இதே குடும்பத்தில் ஹெர்2 என்றோர் ஏற்பி உண்டு. அதன் கை எப்போதும் நீட்டியபடியே இருக்கும். சில மார்பகப் புற்றுநோய்களில் அது செல்மேல் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகிறது. அதை வெளியிலிருந்தே பிடித்துத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மார்பகப் புற்றுநோய்க்கான திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘ஹெர்2 பாசிட்டிவ்’ என்ற வரியைப் பார்க்க நேர்ந்தால், அது இந்த ஏற்பியைத்தான் சொல்கிறது. அந்த வரிக்கு எந்த மருந்து பொருந்தும் என்று தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.