மீன் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லுமா?

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, இடமில்லாமல் ஓரத்தில் நின்று கேட்கும் தாய்மார்களே, வணக்கம். மனசுக்கு ஆறுதல் தருவது மனிதத் துணையா, இயற்கையா என்பது தலைப்பு. இயற்கைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வி போட்டார். பந்தலே கைதட்டியது. "மத்தியானத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீனைப் பார்த்தால் நிம்மதி என்கிறார்களே, அந்த மீன் 'கவலைப்படாதே' என்று ஒரு வார்த்தை சொல்லுமா? கண்ணை இமைக்கக்கூடத் தெரியாத பிராணி! மீனால் எனக்குக் கிடைக்கிற நிம்மதியெல்லாம் குழம்புச் சட்டியில்தான்" என்றார்.

ஐயா, மீன் இமைக்காது, வாஸ்தவம். அதற்கு இமையே கிடையாது. ஒரு வார்த்தை சொல்லாது, அதுவும் வாஸ்தவம். அது வாயைத் திறந்து நம்மிடம் எதுவும் சொல்லாது, எதுவும் கேட்காது என்பதுதான் எங்கள் கட்சி!

என் அத்தை கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் வாழ்க்கைப்பட்டவர். மாமியார் படுத்த படுக்கை. விடிந்ததிலிருந்து "ஏட்டி, வெந்நீர்", "ஏட்டி, மாத்திரை", "ஏட்டி, ஃபேனைக் குறை." அந்தப் பக்கம் மாமா, "சாப்பாடு ஆச்சா?" இந்தப் பக்கம் பிள்ளைகள், "அம்மா, என் நோட்டு எங்க?" நடுவர் அவர்களே, மனிதத் துணைக்குக் குறைச்சலே இல்லாத வீடு! மத்தியானம் ரெண்டு மணிக்கு மாமியார் கண்ணயர்வார். அந்த ஒரு மணி நேரம்தான் அத்தைக்குச் சொந்தம். நேரே படித்துறை.

ஆனால் ஒரு பெண் ஆற்றங்கரையில் சும்மா உட்கார முடியுமா? தெரு விடுமா? "என்ன மைனி, வீட்ல சண்டையா?" "முகம் வாடியிருக்கே, அண்ணாச்சி ஏதும் சொல்லிட்டாகளா?" ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். கையில் ஒரு வாளி, வாளிக்குள் ஒரு சிவப்புத் துண்டு. துவைக்கப் போகிறவளை யார் கேள்வி கேட்பார்கள்? துண்டை நாலு அடி அடித்து, அலசி, படியில் விரித்துவிட்டு, கடைசிப் படியில் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்துவிடுவார்.

தினமும் அதே துண்டு. சிவப்பு ரோஸ் ஆனது. ரோஸ் வெளுத்தது. ஓரமெல்லாம் நூல் பிரிந்தது. ஒருநாள் மாமியார் படுக்கையிலிருந்தே கேட்டார்: "ஏட்டி, அந்தத் துண்டு அப்படி என்ன பாவம் செஞ்சுது? தெனமும் கொண்டு போயி அடிக்கியே!" அத்தை அசரவில்லை. "கறை போகல, அத்தை" என்றார். மறுநாளும் வாளி கிளம்பியது!

சரி, அங்கே என்னதான் பார்த்தார்? ஒரு லீவில் நானும் கூடப் போனேன். மழைக்காலத்துச் செந்தண்ணீர் வடிந்து ஆறு தெளிந்திருந்த தை மாதம். கால் வைத்ததும் ஒரு மீன்கூட இல்லை. மீனின் உடம்பில் இரண்டு பக்கமும் அதிர்வை உணரும் கோடு உண்டு. நாம் காலை வைத்த உடனே அதற்குத் தெரிந்துவிடும். "அசையாம இரு" என்றார் அத்தை. இருந்தேன். விரல் நீளக் கெண்டை ஒன்று வந்தது. அப்புறம் ஒரு கூட்டமே வந்தது. எல்லாம் நீரோட்டத்துக்கு எதிரே தலையை வைத்து, வாலை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றன. அடியில் மணலில் ஒவ்வொன்றின் நிழலும் தனியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தையின் பித்தவெடிப்புக் குதிகாலை வந்து கொத்த ஆரம்பித்தன. விடிந்ததிலிருந்து நின்ற கால். இறுகியிருந்த அவர் தோள் மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன்.

எதிரணிக்கு விஞ்ஞானம் வேண்டுமானால் அதுவும் உண்டு. இங்கிலாந்தில் பிளைமவுத் மீன் காட்சியகத்தில் செய்த ஆய்வு, 2015-ல் வெளியானது. தொட்டியில் மீன்கள் கூடக்கூட, பார்த்தவர்களின் இதயத்துடிப்பு இன்னும் தணிந்திருக்கிறது. தொட்டி மீனுக்கே அப்படி!

அன்றைக்குக் கரையோரப் பாசிக்குள் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் திரண்டு மிதந்தன. அடியில் இரண்டு பெரிய விரால்கள், தாயும் தகப்பனும், காவல். அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமா சேந்து காக்குதுக, பாரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் ஒருநாள் மாமா வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, தேடிக்கொண்டு படித்துறைக்குப் போயிருக்கிறார். அத்தை உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தவர் கூப்பிடாமல் திரும்பிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு அத்தை வாளியை எடுத்தபோது, "அதை வச்சிட்டுப் போ. அம்மாவ நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அத்தை வெறுங்கையோடு ஆற்றுக்குப் போனார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொடுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற ஆண்களிடம் நான் கேட்பது இதுதான். நாளை மத்தியானம் உங்கள் வீட்டு நோயாளியின் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், ஐயா. அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணை ஆற்றுக்கு அனுப்புங்கள். இதே தாமிரபரணிக் கரையில் இருக்கிற பாபநாசத்துக்குப் போனால் பரிகாரம் என்று உடுத்திய துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டு வராதீர்கள். இந்தப் பெண்கள் போய் உட்காரும்போது மீன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நன்றி, வணக்கம்.