மஞ்சள் தாளில் பிறந்த எழுத்து

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தோழி அவர்களே, அவையோரே, வணக்கம்.

"ஆங்கிலப் பெண் கவிஞர் ஸ்டீவி ஸ்மித்தின் சாதாரண வாழ்க்கை அவர் கவிதையை வளர்த்ததா, முடக்கியதா?" இதுதான் தலைப்பு. முடக்கியது என்று வாதாடினார் தோழி. லண்டனில் ஒரு பத்திரிகை நிறுவன முதலாளியிடம் சுமார் 30 ஆண்டு செயலாளர் வேலை. நகரின் ஓரத்தில் பாமர்ஸ் கிரீனில், மூன்று வயதில் குடிபோன அதே வீட்டில், பெரியம்மாவோடு வாழ்க்கை. கல்யாணம் இல்லை. "அத்தனை வருஷமும் வீண்" என்று வருந்தினார். அந்த இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஸ்டீவி எழுதியதைப் படித்தால் அந்த வாதம் நிற்காது, நடுவர் அவர்களே.

கவிதைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு பதிப்பாளர் என்ன சொன்னார்? போய் ஒரு நாவல் எழுதுங்கள் என்றார். சரி என்று எழுதினார் ஸ்டீவி. எங்கே எழுதினார்? ஆபீஸில். எதில்? ஆபீஸின் மஞ்சள் தாளில். நாவலுக்குப் பெயரே 'மஞ்சள் தாளில் ஒரு நாவல்'. அதில் கதை சொல்லும் பெண்ணும் ஒரு செயலாளர்தான். முதலாளியின் கடிதங்களுக்கு நீலத் தாள், தன் கதைக்கு மஞ்சள் தாள், இரண்டும் கலந்துவிடக் கூடாது பாருங்கள் என்று வாசகரிடமே சொல்கிறாள். 1936ல் நாவல் வந்தது, பேர் வாங்கியது. அடுத்த ஆண்டே முதல் கவிதைத் தொகுப்பு அச்சேறியது. அந்த வேலை இல்லாவிட்டால் அந்த நாவல் ஏது? கவிதைக்குக் கதவு எப்படித் திறந்திருக்கும்?

அடுத்து 1953. தோழி இதைத்தான் பெரிய ஆயுதமாக எடுத்தார். அந்த ஆண்டு ஸ்டீவி மனம் உடைந்து, ஆபீஸிலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், பிறகு வேலையை விட்டார். உண்மை. அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற கவிதை, 'கையசைக்கவில்லை, மூழ்குகிறேன்', அதே ஆண்டில் எழுதியது. வெறும் 12 வரி. கடலில் ஒருவன் கையைத் தூக்குகிறான். விளையாட்டாகக் கையசைக்கிறான் என்று கரையில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். செத்த பிறகும் என்ன பேசுகிறார்கள்? பாவம், எப்போதும் விளையாட்டுப் பிள்ளை, தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருக்கும், இதயம் நின்றிருக்கும் என்கிறார்கள். இல்லை, எப்போதுமே குளிர்தான், வாழ்நாள் முழுக்க நான் ரொம்பத் தூரம் தள்ளித்தான் இருந்தேன் என்கிறான் செத்தவன்.

அந்தக் கரைக்காரர்கள் யார்? ரயிலில் எதிர் சீட்டில் உட்காருபவர்கள். ஆபீஸில் "நலமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காதவர்கள். அவர்கள் நடுவிலேயே வாழ்ந்து, சிரித்த முகத்தோடு கடிதம் தட்டச்சு செய்த பெண்ணுக்குத்தான் அந்தப் பேச்சு இவ்வளவு துல்லியமாகக் காதில் விழும். இலக்கிய வட்டாரத்துக்குள்ளேயே இருந்திருந்தால் விழுந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் அந்தப் பெரியம்மா. 'சிங்கம்' என்றுதான் ஸ்டீவி அழைப்பார். இலக்கியத்தில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை. ஆனால் அப்பா கப்பலேறிப் போய்விட, அம்மா 1919ல் இறந்துவிட, அந்தப் பெண்ணுக்குக் கூரையாக நின்றவர் அவர்தான். கடைசிக் காலத்தில் அவருக்குச் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டவர் ஸ்டீவி. 1968ல், 96 வயதில், பெரியம்மா காலமானார்.

அந்தக் கடமைகளுக்கு நடுவிலேதான் 60களில் மேடையேறினார். பள்ளிச் சிறுமி போல வெள்ளைக் காலர் வைத்த உடை. தேவாலயப் பாட்டு மெட்டில் தன் கவிதையைப் பாடினார். இளைஞர்கள் கூடிக் கேட்டார்கள். 1969ல் கவிதைக்கான பிரிட்டிஷ் அரசியின் தங்கப் பதக்கம். 1971ல் மறைந்தார்.

தோழி, அத்தனை வருஷமும் வீண் என்றீர்களே, அதில் எந்த வருஷத்தை எடுத்துவிட்டால் அந்த 12 வரி மிஞ்சும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு நடுவரிடம் தீர்ப்பு கேளுங்கள். நன்றி, வணக்கம்.