ஈசியூ போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் வேன்களுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவன் நான். பழைய வேன் வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் கேட்கப்போகிற ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். "ஈசியூ போச்சுண்ணே, மாத்தணும்." ஈசியூ என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற சின்னக் கம்ப்யூட்டர்.

மாருதி ஆம்னி வேன் உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை அது இன்னும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டும், மீன் பெட்டி சுமந்துகொண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எரிபொருளைத் தெளிக்கிற இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும், பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது ஈசியூ என்கிற அந்தச் சின்ன அலுமினியப் பெட்டி. விலை அதிகம். அதனால்தான் அதன்மேல் பழி போடுவதற்கு முன்னால் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

நம் ஊர் நிலைமை வேறு. வாடை அடித்தால் வடகடல் உப்பு, சோழகம் அடித்தால் தென்கடல் உப்பு. மண்டபம் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கடல். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை உப்பு அரித்துத்தான் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். அத்தனை கனத்த இரும்புக்கே அந்தக் கதி என்றால், முடி கனத்தில் இருக்கிற செம்புக் கம்பி எம்மாத்திரம்? அதிலும் மீன் வண்டியென்றால் ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் வண்டியின் தரை விரிப்புக்கு அடியில் போய்த் தேங்கும். வயரிங் ஓடுவதும் அந்த வழியாகத்தான்.

கீழக்கரையிலிருந்து ஒரு பள்ளி வேன் வந்தது. மழை நாளில் மிஸ்ஸிங், அதாவது இன்ஜின் விட்டுவிட்டு ஓடுகிறது; இரவில் பிரேக்கை மிதித்தால் இன்ஜின் குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. கோளாறைப் படிக்கிற ஸ்கேனரைப் போட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கோளாறு எண்கள். வேறொரு பட்டறையில் ஈசியூ போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டுநர் பாதி மனசாகப் பணம் புரட்டக் கிளம்பிவிட்டார். "காக்கா (அண்ணே), ஒரு மணி நேரம் பொறுங்க. பிரேக்கை மிதிச்சா ஏன் குலுங்குதுன்னு பாத்துருவோம்" என்றேன்.

மல்டி மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொரு முனையை ஈசியூவில் வயர்களைச் செருகும் கப்ளரில் எர்த் வயர் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வயர்) நுழையும் இடத்திலும் வைத்தேன். சாவி ஆன். ஒன்றும் பெரிதாகக் காட்டவில்லை. ஹெட்லைட்டைப் போட்டதும் ஏறியது. பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் அரை வோல்ட்டைத் தாண்டியது. அங்கே 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எர்த் பாதையில் கரண்ட் தடைபடுகிறது என்று அர்த்தம். ஈசியூ எல்லா சென்சாரையும் அந்த எர்த்தை வைத்துத்தான் அளக்கிறது. எர்த்தே மேலேறிவிட்டால் அது பார்க்கிற ஒவ்வொரு கணக்கும் தப்பாகும், சம்பந்தமில்லாத கோளாறு எண்களும் அதனால்தான் வரும்.

தரை விரிப்பைத் தூக்கினால், இடது ஓரத்தில் பாடியோடு முடுக்கிய ஒரு போல்ட். பிரேக் லைட்டின் எர்த்தும் ஈசியூவின் எர்த்தும் அந்த ஒரே இடத்தில். சுற்றிலும் பச்சைக் களிம்பு. வயரின் தோல் புதிது போல இருந்தது. சீவிப் பார்த்தால் உள்ளே ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு கறுத்துப் பொடிந்துபோயிருந்தது. ஈரம் கம்பிகளுக்கு நடுவே ஊறி ஊறி உள்ளே ஏறிவிடும். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, வயர் முனையில் புது லக் (உலோக வளையம்) அடித்து, பாடியில் பெயின்ட் போகச் சுரண்டி முடுக்கி, மேலே வாசலின் பூசினேன். ஈசியூவை நான் தொடவே இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மீட்டரை 'பீப்' ஒலியில் வைத்து அந்த வயரைச் சோதித்திருந்தால் நன்றாகத்தான் ஒலித்திருக்கும். ஒரேயொரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். ஆனால் லோடு வந்தால், அதாவது விளக்கு போன்றவை கரண்ட் இழுத்தால், அந்த இழை தாங்காது. அதனால் எர்த்தை எப்போதும் லோடு போட்டு, வோல்ட்டில்தான் பார்க்க வேண்டும். பட்டறைகளில் வேலை பழகும் தம்பிகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அடுத்தது ஐந்து வோல்ட். ஈசியூ பல சென்சார்களுக்கு ஐந்து வோல்ட் கொடுக்கிறது. ஏதாவது ஒரு சென்சாரில் உப்புத் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த ஐந்து வோல்ட் விழுந்துவிடும். பார்ப்பதற்கு ஈசியூ செத்தது போலவே இருக்கும். சாவியை ஆஃப் செய்து ஒரு சென்சாரைக் கழற்றுங்கள், ஆன் செய்து அளந்து பாருங்கள். எதைக் கழற்றியதும் ஐந்து வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுதான் திருடன்.

மீட்டர் இல்லாதவர்கள்கூட ஒன்று செய்யலாம். சாவியை ஆன் செய்தால் செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பு, ஈசியூவுக்கு வரும் பியூஸ், மெயின் ரிலே இவற்றைப் பாருங்கள். ஸ்கேனர் பேச மறுத்தாலும் உடனே பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்கேனரை மாட்டுகிற பதினாறு பின் சாக்கெட்டில் 16-ஆம் பின்னில் பேட்டரி கரண்டும், 4, 5-இல் எர்த்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பேட்டரியையும் மறக்காதீர்கள். செல்ப் அடிக்கும்போது ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே போனால் நல்ல ஈசியூவும் தடுமாறும்.

இத்தனையும் சரி, இன்னும் கோளாறு தீரவில்லை என்றால் பெட்டியைத் திறக்கலாம். பழைய பெட்டிகளில் கண்டென்சர் கசிந்து போர்டின் செம்புக் கோடுகளை அரித்திருக்கும். திறந்ததும் மீன் கவிச்சி போல ஒரு வாடை அடிக்கும். சிலதில் சூட்டில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும், அது இன்ஜின் சூடானால் மட்டும் கோளாறு காட்டும். இரண்டுமே நல்ல கை இருந்தால் சரிசெய்யக் கூடியவை. ஒரு டிரைவர் டிரான்சிஸ்டர் எரிந்து கருகியிருந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். பெரும்பாலும் அது தானாக எரியாது. அது இயக்குகிற இக்னிஷன் காயிலோ, இன்ஜெக்டரோ, அதற்குப் போகிற வயரோ ஷார்ட் ஆகியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பெட்டியை மாட்டினால் அதுவும் போய்விடலாம். மாற்றுப் பெட்டி வாங்குவதைவிட முக்கியமான வேலை இது.

மாற்றுப் பெட்டிக்குச் சிலர் சென்னை புதுப்பேட்டை வரை போகிறார்கள், சிலர் காயலான் கடையில் தேடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் வண்டி மாடல் ஒன்று என்பது போதாது. மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சாவியில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டி என்றால் வேறு வண்டியின் பெட்டி இந்தச் சாவியை அடையாளம் காணாது. செல்ப் அடிக்கும், இன்ஜின் எடுக்காது. பழைய பெட்டியிலுள்ள டேட்டாவை எடுத்துப் புதியதில் ஏற்றத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். காமன் ரெயில் டீசல் என்றால் பல வண்டிகளில் இன்ஜெக்டர்மேல் ஒரு குறியீட்டு எண் பொறித்திருக்கும், அதையும் ஈசியூவில் எழுத வேண்டும்.

மாட்டும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கப்ளரில் கை வைக்க வேண்டும். பின்களை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, காண்டாக்ட் கிளீனர் போதும். தண்ணீர் போகக் கூடாதென்று கப்ளரில் சிலிக்கான் அப்புகிறார்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் செம்பையே அரிக்கும். அதற்குப் பதிலாக, வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி கட்டுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மீன் வண்டிக்காரர்கள் ஈசியூ பெட்டியைத் தரைமட்டத்திலிருந்து மேலே ஏற்றி மாட்டச் சொல்லுங்கள்.

பழைய ஈசியூவைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். சாவி விவரமும் வண்டியின் கணக்குகளும் அதற்குள்தான் இருக்கின்றன. புதியது நாளைக்கு மக்கர் செய்தால் அதிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு பாலித்தீன் பையில் கட்டி, உப்புக்காற்று படாமல் வீட்டில் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.