ஆஸ்துமா பஃப் எப்படி இழுக்கணும்னு மெடிக்கல் ஷாப்லயே கேளுங்க மக்களே

வணக்கம் மக்களே, கடையில இப்பதான் கூட்டம் கொறைஞ்சுது, கவுன்டர்ல நின்னுட்டே பேசுறேன், லாரி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, வடசென்னை தண்டையார்பேட்டைன்னா அப்படித்தான். எண்ணூர் மணலி பக்கம் பூரா ஃபேக்டரி, கொடுங்கையூர் குப்பைமேடு எரிஞ்சா பொகை, ஹார்பர் போற கன்டெய்னர் லாரி தூசி வேற, நம்ம ஏரியாவுல வீசிங் வராம இருக்குமா.

காலையில காசிமேட்டுலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க, டாக்டர் எழுதுன ரோட்டாகேப், அதான் மெஷின்ல போட்டு இழுக்குற பவுடர் கேப்சூல், கேக்கவே இல்லன்னு. எப்படிக்கா போடுறீங்கன்னேன், தண்ணி ஊத்தி முழுங்குறேம்மான்னாங்க! சிரிக்காதீங்க, பாக்க மாத்திரை மாதிரியே இருக்குல்ல, யாருமே சொல்லலைன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்? அத மெஷின்ல போட்டு, திருகி, வாயில வச்சு பலமா வேகமா இழுக்கணும். அமுக்குனா ஸ்ப்ரே மாதிரி வர்ற கேஸ் பஃப்புக்கு அப்படியே உல்டா, நல்லா குலுக்கி, மூச்ச வெளிய விட்டுட்டு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கறப்பவே அமுக்கணும், அப்புறம் பத்து செகண்ட் மூச்ச அடக்கணும். அமுக்குறதும் இழுக்குறதும் சேர்ந்து வரலைன்னா ஸ்பேசர், அதான் பஃப்ப மாட்டி இழுக்குற பிளாஸ்டிக் குழாய், கேளுங்க, சின்னப் புள்ளைங்களுக்கு அது கண்டிப்பா வேணும்.

இன்னொரு கூத்து இந்த ப்ளூ பஃப், சால்புட்டமால். அடிச்சதும் நெஞ்சு லேசாகுதுல்ல, அதனால அத மட்டும் வாங்கிட்டே இருப்பாங்க, டாக்டர் எழுதுன ஸ்டீராய்டு பஃப்ப "அய்யோ பழகிடும்"னு மூலையில போட்ருவாங்க. மூச்சுக்குழாய் வீக்கத்தக் கொறைக்கிறதே அதுதாங்க! ப்ளூவ மட்டும் வச்சு ஓட்டாதீங்கன்னு 2019லயே ஜினாங்கிற உலக ஆஸ்துமா அமைப்பு கைட்லைன மாத்திட்டாங்க. ஒரு டப்பாவுல 200 பஃப் இருக்கு, அது மாசா மாசம் தீருதுன்னா ஆஸ்துமா கன்ட்ரோல்ல இல்ல, டாக்டரப் பாருங்க. ஸ்டீராய்டு இழுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடுங்க, இல்லைன்னா நாக்குல வெள்ளையா படியும்.

இதெல்லாம் சொல்லித் தர்றது பார்மசிஸ்ட் நாங்க பண்ற உதவி கிடையாது, எங்க வேலை, 2015 பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்லயே இருக்கு. ஆனா நெறைய கடையில பார்மசிஸ்ட் சர்டிபிகேட் செவுத்துல தொங்கும், மருந்து எடுத்துத் தர்றது வேற யாரோ. பார்மசிஸ்ட் யாருன்னு கேளுங்க, உங்க மெஷினையே எடுத்துட்டுப் போய் அவங்க முன்னாடி இழுத்துக் காட்டுங்க, எங்க தப்புன்னு அங்கயே தெரிஞ்சிரும்.

ப்ளூ அடிச்சும் அடங்கல, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலைன்னா கடைக்கு வராதீங்க, 108 அடிங்க, இல்ல ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சரி, ஒரு அண்ணன் சீட்டோட நிக்கிறாரு, வரேன்.