போகி மாலையில் ஒரு கட்டு குருத்தோலை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு வாசல் நிலையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்று வருஷம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்கு முன்னால் என் பேத்தி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எப்பவும் இருக்கறதுதானே, பொங்கலுக்குன்னு என்ன கட்டப் போறோம் அம்மிச்சி?" என்று கேட்டாள். அன்றைக்கே அதைக் கழற்றிவிட்டேன். வாடாத தோரணத்தால் ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. அது அவளுக்குப் புரிந்திருக்கிறது.

சந்தையில் ஒரு கட்டு தென்னங்குருத்தோலை வாங்கி வந்தோம். வீட்டில் மரம் இருந்தாலும் ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை வெட்ட வேண்டாம். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றுதான், கிளை கிடையாது. குருத்து போனால் மரம் இளைத்துவிடும்.

குருத்தோலை மெழுகு பூசியது போல வழுவழுப்பாக, இளமஞ்சளாக இருக்கும். ஈர்க்கில் தானாகவே இரண்டாக மடிந்து நிற்கும். விளிம்பிலிருந்து சாய்வாக, விரற்கடை இடைவெளி விட்டுக் கத்தரித்துக்கொண்டே போக வேண்டும். வெட்டு ஈர்க்கைத் தொடக் கூடாது. அப்புறம் அந்தத் துண்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று உள்பக்கமாக மடித்துச் செருகினால் பூவேலை போல வந்துவிடும். முதல் இரண்டு ஓலை கிழியத்தான் செய்யும், கிழியட்டும். மூன்றாவதில் குழந்தையின் விரல் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். மிச்ச ஓலையில் காற்றாடி செய்து கருவேல முள்ளில் குத்திக் கொடுங்கள். கட்டுவதற்கு நைலான் கயிறு எதற்கு? வாழை நாரைத் தண்ணீரில் நனைத்தால் நன்றாக வளைந்து கொடுக்கும். முந்தின நாளே செய்து வைப்பவர்கள் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓலை சுருளாது.

எங்கள் கொங்குப் பக்கத்தில் போகியன்று மாலை காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சின்னக் கொத்தாகச் சேர்த்து வீட்டு இறவாரம், மாட்டுக் கொட்டகை, தோட்டத்து மூலை என்று செருகுவோம். பூளைப்பூவை மற்ற ஊர்களில் சிறுபீளை என்பார்கள். குழந்தைகளை வேலியோரம் அழைத்துப் போய் அவர்களையே பறிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை கையால் பறித்த செடியின் பேர் மறக்காது.

கோலத்துக்கு வருகிறேன். கடையில் விற்கும் கல்மாவில் எறும்புக்குத் தின்ன ஒன்றுமில்லை. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் நனைத்து விரலிடுக்கு வழியே இழைகோலம் போடலாம். ஒரு கிண்ணம் மாவில் மஞ்சளைக் கலக்குங்கள். அதில் சுண்ணாம்புத் தெளிநீர் சில சொட்டு விட்டால் ஆரத்திச் சிவப்பாக மாறும். அதிலேயே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும்! என் பேத்தி இதையே ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தாள். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள் தொடுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

மாட்டுப் பொங்கலுக்குத் தஞ்சைப் பக்கத்தில் நெட்டி மாலை போடுவார்கள். குளங்களில் வளரும் நெட்டித் தண்டின் வெள்ளைத் தக்கையைச் சீவிச் சாயம் ஏற்றிக் கோப்பது அது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பக்கம் போனால் குழந்தைகளோடு நின்று பாருங்கள்.

கழற்றின பிளாஸ்டிக் தோரணத்தைப் போகி நெருப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் நிற்கிற குழந்தைதான். குப்பை வண்டியில் தனியாகப் பிரித்துக் கொடுங்கள்.

போன வருஷத் தோரணம் நாலைந்து நாளில் பழுப்பேறிவிட்டது. அதை அவிழ்த்து எருக்குழியில் போட்டது பேத்திதான். போட்டுவிட்டு வந்ததும், அடுத்த பொங்கலுக்கு இன்னும் எத்தனை மாசம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

நன்றி, வணக்கம்.