பனி கொட்டியும் டேலியா பிழைத்தது! 2,850 ரூபாய் பொலித்தீனா, 120 ரூபாய் சாக்கா?

வணக்கம் எல்லாருக்கும். என் முகத்தை விடுங்கள், கீழே பாருங்கள். புல் முழுக்க வெள்ளை. இது பனித்துளி இல்லை, உறைபனி. காலால் மிதித்தால் நொறுங்கும் சத்தம் கேட்கும், இருங்கள், மைக்கைக் கிட்டே கொண்டுபோகிறேன். கேட்டதா? இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில், கந்தப்பளையில் எங்கள் பக்கத்துக்கு இந்த வருடம் இதுதான் முதல் பெரிய பனி. நேற்று ராத்திரியே தெரிந்துவிட்டது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, இலை அசையவில்லை. அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கொட்டும்மா, மூட வேண்டியதை மூடிரு" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனார். அத்தை நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அவர் வானத்தைப் பார்த்துச் சொன்னால் எனக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம்.

வானொலியில் நாலு டிகிரி என்றார்கள். நாலு டிகிரியில் எப்படித் தண்ணீர் உறையும் என்று போன வருடமும் நிறையப் பேர் கேட்டீர்கள். அவர்கள் பார்க்கிற வெப்பமானி தரையில் கிடக்கவில்லை, ஆள் நெஞ்சு உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. தரையை ஒட்டிய புல்லில் அதைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும். மேகம் இருந்தால் மண்ணுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி, பகலில் வாங்கிய சூடு அப்படியே நிற்கும். மேகம் இல்லாவிட்டால் சூடெல்லாம் மேலே போய்விடும். காற்றும் இல்லையென்றால் குளிர் அப்படியே கீழே படியும். குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம், சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நுவரெலியா டவுனில் குதிரைப் பந்தயத் திடலும் கிரகரி வாவிக் கரையும் முதலில் வெளுப்பது அதனால்தான். எங்கள் வீட்டிலும் கீழ்ப்பாத்திதான் அடி வாங்கும், மேலே கிணற்றடிப் பக்கம் ஒன்றும் ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இன்றைக்குக் கோபமும் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது. கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி கொழும்பிலிருந்து பொங்கலுக்கு வந்திருக்கிறான். என் வீடியோ எல்லாம் பார்ப்பான். அக்காவுக்குப் பனிக்காலத்தில் உதவியாக இருக்கட்டும் என்று வரும் வழியில் டவுனில் ஒரு கடையில் இறங்கி, "பனிக் கவர்" என்று ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். 2,850 ரூபாய். இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது! பிரித்துப் பார்த்தால் வெறும் பொலித்தீன். கண்ணாடிப் பொலித்தீன், ஓரத்தில் கயிறு போட நாலு துளை. அவ்வளவுதான். அவன் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை, சம்பளக் காசில் ஆசையாக வாங்கி வந்த பிள்ளை. அதைப் பனிக்கு நல்லது என்று சொல்லி விற்ற கடைக்காரர் மேல்தான் கோபம். மலைநாட்டில் கடை வைத்துக்கொண்டு, பனியைக் கண்ணால் பார்க்கிற மனிதர் அப்படிச் சொல்லலாமா? இதே காசுக்கு இருபத்து மூன்று சணல் சாக்கு வாங்கலாம். ஒன்று 120 ரூபாய். அதுவும் விலை கூடித்தான் இருக்கிறது, முன்பெல்லாம் உருளைக்கிழங்கு மண்டியில் கேட்டால் பழைய சாக்கைச் சும்மாவே தூக்கித் தருவார்கள்.

பொலித்தீன் ஏன் கூடாது என்று சொல்கிறேன். மண்ணிலிருந்து மேலே போகிற சூட்டை அது தடுக்காது, அந்தச் சூடு பொலித்தீனுக்குள் புகுந்து போய்விடும். உள்ளே வேர்த்து நிற்கிற ஈரம், இலை எங்கே பொலித்தீனைத் தொடுகிறதோ அங்கேயே உறையும். காலையில் வெயில் வந்ததும் உள்ளே சடாரென்று சூடேறும். உறைந்த இலைக்கு அதுதான் கடைசி அடி. சணல் சாக்கு தடிப்பு, மூச்சு விடும், வெயிலை மறைக்கும். உர பேக் பரவாயில்லை, நடுத்தரம். நான் எப்போதும் சாக்குக் கட்சிதான், பழைய ஆட்களுக்குத் தெரியும்.

ஆனாலும் தம்பி மனம் கோணக்கூடாது என்று, கீழ்ப்பாத்தியில் ஒரு வரிசை டேலியாவை அவனுக்கு விட்டேன். பக்கத்து வரிசைக்கு என் சாக்கு. இரண்டும் ஒரே பாத்தி, ஒரே நாளில் நட்டது, ஒரே மாட்டெரு. இப்போது காட்டுகிறேன் வாருங்கள்.

இது தம்பி வரிசை. இந்த இலையைக் கிட்டத்தில் பாருங்கள். பொலித்தீன் தொட்ட இடம் மட்டும் கரும்பச்சையாகி, ஈரம் ஊறி, பின்னால் இருக்கிற என் விரல் தெரிகிற அளவுக்கு ஊடுருவிப் போயிருக்கிறது. உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து இலையைக் கிழித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் பட்டதும் இது கறுத்துத் தொங்கிவிடும். மொட்டும் போச்சு. அந்தக் கருஞ்சிவப்பு டேலியா, தீபாவளி வீடியோவில் மகள் தலைக்குப் பக்கத்தில் வைத்து அளந்து காட்டினாளே, அந்தச் செடிதான்.

இது என் வரிசை. சாக்கைத் தூக்குகிறேன். சாக்கின் மேலே பாருங்கள், வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிறது. கீழே இலை... பச்சை! நுனி கூடக் கருகவில்லை! ஒரு மொட்டு, இரண்டு, இங்கே பின்னால் இன்னொன்று. மஞ்சள் டேலியா விரிந்தே இருக்கிறது. எனக்குக் கையெல்லாம் நடுங்குகிறது, குளிரில் இல்லை, சந்தோஷத்தில். தம்பி ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

ஆ, ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சாக்கை அப்படியே செடி மேல் போடக்கூடாது. நாலு பக்கமும் மிலாறு, அதுதான் கவாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, ஊன்றி, அதன் மேல் போர்த்த வேண்டும். சாக்கு இலையைத் தொடக்கூடாது, ஆனால் ஓரம் தரையைத் தொட வேண்டும். மண்ணிலிருந்து வருகிற சூடுதானே செடியைக் காப்பாற்றுகிறது, ஓரத்தில் இடைவெளி விட்டால் அது போய்விடும். தேயிலை கவாத்து வெட்டுகிற மலையில் மிலாறு கிடைக்கும், விறகுக்குக் கொண்டுவரும்போது நேரானதாக நாலைந்து எடுத்து வையுங்கள். அப்புறம், பனி வரும் என்று தெரிந்தால் பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். இலையை நனைக்காதீர்கள், மண்ணை மட்டும்.

கருகின வரிசையை இப்போது என்ன செய்வது? இதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பிடுங்காதீர்கள்! ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் கறுத்த டேலியாவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, செத்துப்போச்சு அக்கா என்று எழுதுகிறீர்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது. செத்தது தலை மட்டும்தான். தண்டின் அடியில் மண்ணைக் கொஞ்சம் தள்ளிக் காட்டுகிறேன். இதோ கிழங்கு. அழுத்திப் பார்க்கிறேன், கல் மாதிரி உறுதி. தண்டும் கிழங்கும் சேருகிற கழுத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சின்ன முளை தெரிகிறதா? அதுதான் கண். அடுத்த செடி அங்கிருந்துதான் வரும். கிழங்கைப் பிரித்து நடுகிறவர்களும் இந்தக் கழுத்தோடு சேர்த்து வெட்டுங்கள், கண் இல்லாத கிழங்கு எத்தனை பெரிதாக இருந்தாலும் முளைக்காது.

கனடாவில் இருந்து பார்க்கும் அக்கா ஒருவர், அங்கே நாங்கள் பனி பட்டதும் கிழங்கைத் தோண்டி எடுத்து நிலவறையில் வைக்கிறோம், நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார். அக்கா, உங்களுக்கு அது சரி. அங்கே மண்ணே ஆழமாக உறைந்துவிடும், கிழங்கை விட்டுவைத்தால் அழுகும். இங்கே உறைவது மேலே மட்டும்தான். வெயில் ஏறினதும் புல் காய்ந்துவிடும், ஒரு சாண் கீழே மண்ணுக்குப் பனி வந்ததே தெரியாது. டேலியா மெக்சிகோ மலையில் பிறந்த செடி, 1963இல் அந்த நாடு அதைத் தேசிய மலராகவே அறிவித்தது. குளிர்ந்த ராத்திரி அதற்குப் பிடிக்கும், உறைபனிதான் ஆகாது. அதனால் இங்கே கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும். கருகின இலையைக் கூட மாசி பிறக்கும் வரை வெட்டாதீர்கள். இப்போதே வெட்டினால் இளந்தளிர் விடும், அடுத்த பனி அதைச் சாப்பிடும்.

இன்னொன்று. வெயில் வருவதற்கு முன்னால் உறைந்த செடிக்குத் தண்ணீர் தெளித்துவிடுங்கள், மெதுவாக இளகும். கிழக்குச் சுவரோரம், காலை வெயில் முதலில் விழுகிற இடத்தில் வைத்த செடிதான் அதிகம் கருகும். பெரிய மரத்துக்குக் கீழே பனி அவ்வளவாக இறங்காது. ஹக்கலைத் தாவரவியல் பூங்கா வீடியோவில் பெரிய மரங்களுக்குக் கீழே நடந்துகொண்டே அதைச் சொன்னேன். 1861இல் சின்கோனா, அதுதான் மலேரியா மருந்து மரம், வளர்க்கத் தொடங்கிய இடம் அது. சின்னவன் அங்கே ஐஸ்கிறீம் கேட்டு அழுததுதான் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்.

சின்னவன் இப்போதும் இங்கேதான் நிற்கிறான், தட்டில் புல்லோடு பனியை வழித்து வைத்துக்கொண்டு. டேய், வாயில் வைக்காதே! மகள் கையுறை போட்டுக்கொண்டு எனக்குச் சாக்கு உதற வந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் விடியுமுன் லீக்ஸ் மரக்கறி லொறியோடு தம்புள்ளைக்குப் போய்விட்டார். போகும்போது போன் எடுத்து, ரோட்டோரம் தேயிலையெல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டதும் அத்தை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பூ கருகினால் நமக்கு மனம்தான் கஷ்டப்படும். தேயிலை கருகினால் கொழுந்து இருக்காது, கிலோ வராது, கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். பொங்கல் நேரத்தில் அரைப்பேர்! பனியைப் படம் பிடிக்க வருகிறவர்கள் வாருங்கள், சந்தோஷம்தான். ஆனால் அழகு அழகு என்று தேயிலைக்குள் இறங்கி மிதிக்காதீர்கள். உறைந்து நிற்கிற கொப்பு தொட்டாலே ஒடியும்.

ஹைட்ரேஞ்சியாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாசலில் நீலமாகப் பூத்தது, மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் ரோஸ் ஆனது என்று. வீட்டுக்காரர் லீக்ஸுக்கு டொலமைட் என்கிற சுண்ணாம்புத் தூள் போட்டார், அது அங்கே இறங்கியிருக்கிறது. நம் தேயிலை மண் புளிப்பு மண், அதில் இருக்கிற அலுமினியம் வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். டொலமைட் போட்டால் புளிப்புக் குறைந்து, அலுமினியம் கிடைக்காமல் ரோஸ் ஆகிவிடும். எனக்கு நீலம்தான் பிடிக்கும். ரோஸ் ஹைட்ரேஞ்சியா எந்த ஊரிலும் கிடைக்கும், அந்த ஆழமான நீலம் நம் மலையின் சொத்து. இவரிடம் சொல்லியாயிற்று, அந்தப் பக்கம் இனி டொலமைட் கிடையாது.

அடுத்த வீடியோ ரோஜாக் கவாத்து. ஏப்ரல் சீசனுக்கு, விக்டோரியா பூங்காப் பக்கம் கூட்டம் வருகிற நேரத்தில் வீட்டு வாசலிலும் பூ வேண்டுமென்றால் மாசி நடுவுக்குள் வெட்டிவிட வேண்டும். வெட்டியதிலிருந்து பூக்க ஏழெட்டு வாரம் ஆகும், நம் குளிருக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் ஆகும். கத்தரியை இப்போதே தீட்டி வையுங்கள்.

இன்று ராத்திரியும் வானம் தெளிவாகத்தான் இருக்கும் போல. தம்பி வரிசைக்கும் சாக்கு போட வேண்டும், என்னிடம் இன்னும் ஆறு குறைகிறது. பொலித்தீனை விறகு மேல் போட்டுவிட்டேன், அதற்கு நன்றாக இருக்கிறது. வெலிமடை, ராகலைப் பக்கம் இருக்கிறவர்கள், 120க்குக் குறைவாகச் சணல் சாக்கு எங்கே கிடைக்கும் என்று கீழே எழுதுங்கள். உர பேக் வேண்டாம், சணல் மட்டும்.