பதினைந்தாம் நம்பர் ஜெர்சி

வணக்கம் நேயர்களே. இந்த நிகழ்ச்சியை நடத்தும் தம்பி போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, விளையாட்டைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசுங்க, ஆனா கிரிக்கெட் வேண்டாம், அதுக்கு இங்கே ஆள் நிறைய இருக்கு" என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஏனென்றால் கொஞ்ச நாளாக எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருப்பது ஒரு பையனின் விவகாரம். பெயர் ஃபெர்னாண்டோ மெண்டோசா. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவன், குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவன். இங்கே பக்கத்தில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அணியில் இருந்தான், அதை நாங்கள் 'கால்' என்றுதான் சொல்வோம் (தமிழில் சொன்னால் கை கால் மாதிரி இருக்கிறது, பரவாயில்லை). இருந்தான், போய்விட்டான், போன இடத்தில் ஒரே வருஷத்தில் தேசிய சாம்பியன் ஆகிவிட்டான். நம் வீட்டில் தண்ணீர் ஊற்றி வளர்த்த முருங்கை, மதில் தாண்டிச் சாய்ந்து பக்கத்து வீட்டு முற்றத்தில் காய்த்துத் தொங்குகிற மாதிரி.

ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி விளையாட்டு என்றதும் நம்மூர் ஸ்போர்ட்ஸ் டேயை நினைத்துவிடாதீர்கள், சுண்ணாம்புக் கோடு, மைக்செட், பிரின்ஸ்பால் கொடுக்கும் எவர்சில்வர் கப், அதெல்லாம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம், நம் சேப்பாக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். சனிக்கிழமை என்றால் அது நிரம்பும். டிவிக்காரன் கொட்டுகிற பணத்துக்குக் கணக்கே கிடையாது. இவ்வளவும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களை வைத்து நடந்தது. ஆனால் 2021 வரைக்கும் அந்தப் பையனுக்குப் படிப்புச் செலவு, சாப்பாடு, ஹாஸ்டல், கொஞ்சம் கைச்செலவு, அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினால் குற்றம். தன் நம்பர் போட்ட சட்டையைக் கடையில் விற்கிறார்கள், அதில் பங்கு கேட்டால் ஆடத் தடை.

லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகமான யுசிஎல்ஏவுக்காக 1995-ல் சாம்பியன் பட்டம் வாங்கிய எட் ஓபானன் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரர், பிற்பாடு ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே உயரம், அதே மொட்டைத் தலை, அதே நம்பர், கைக்குக் காசு மட்டும் வரவில்லை. 2009-ல் அவர் கேஸ் போட்டதில் ஆரம்பித்த உருட்டல் இது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்புக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள், ஒன்பதுக்குப் பூஜ்யம். இந்த நாட்டில் ஒன்பது பேரும் ஒத்துப்போவது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே வரி கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பையன்கள் தங்கள் பெயரை, முகத்தை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. கூடவே, ஒரு வருஷம் சும்மா உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறலாம் என்ற வசதியும் வந்தது. அப்படி மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியலுக்குப் பெயர் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்.

சரி, நம் பையனுக்கு வருகிறேன்.

2024 அக்டோபர் 5. ஈஎஸ்பிஎன்காரர்கள் வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போய் நடத்துகிற காலை நிகழ்ச்சி முதல் தடவையாக பெர்க்லிக்கு வந்த நாள். ராத்திரி மியாமியோடு ஆட்டம். என் மகளையும் கூட்டிக்கொண்டு ஃப்ரீமாண்டிலிருந்து பார்ட் ரயில் பிடித்துப் போனேன். மூன்றாவது கால் பகுதியில் நாங்கள் 35, மியாமி 10. எனக்கு முன் வரிசையில் ஒரு கிழவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தலையில் கரடிக் காது வைத்த தொப்பி. திரும்பி என் மகளிடம், "ஆடாதே, அசையாதே, நாங்கள் இதையும் தோற்போம்" என்றார். கடைசியில் 39-38, தோற்றோம். ரயிலில் யாரும் பேசவில்லை. கால் ரசிகர்களுக்கு இது புதிதில்லை, அந்த ஸ்டேடியமே ஹேவர்ட் நிலநடுக்கப் பிளவின் மேல்தான் கட்டியிருக்கிறது, கீழே பூமியே இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் இடத்தில் ஆட்டம் மட்டும் எப்படி நிலையாக நிற்கும்?

ஆனால் அதே நவம்பரில் ஸ்டான்ஃபோர்டோடு ஆட்டம். இதை 'பிக் கேம்' என்பார்கள். 1892-ல் தொடங்கிய பங்காளிச் சண்டை, ஜெயிக்கிறவருக்குப் பரிசு ஒரு கோடாலி. நாங்கள் பின்தங்கியிருக்கிறோம், பந்து எங்கள் பக்கத்து இரண்டாவது கஜத்தில் கிடக்கிறது, 98 கஜம் போக வேண்டும். மெண்டோசா கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனான். கடைசிக் கட்டத்தில் வீசிய டச்டவுன் என் கண் முன்னால் விழுந்தது. 24-21. ஆட்டம் முடிந்து மைக்கை நீட்டியபோது அவனுக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு வரவில்லை. என் மகள் அன்றே ஜெர்சி வேண்டும் என்று பிடிவாதம். பதினைந்தாம் நம்பர், நீலம். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் பையன் பேப்பர் போட்டுவிட்டான். போர்ட்டலில் பெயர். இண்டியானாவுக்குப் போகிறானாம்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவது? வீட்டில்தான் காட்டினேன். அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்: "நீங்க இந்த ஊருக்கு வந்து மூணு கம்பெனி மாறினீங்களே, யாராவது வந்து உங்க ஐடி கார்டை எரிச்சாங்களா?" பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவன் மூன்றே வருஷத்தில் பட்டம் முடித்துவிட்டான், அதுவும் பெர்க்லியின் வணிகப் பள்ளியில். படிப்பைப் பாதியில் விட்டு ஓடவில்லை. போன இடத்தில் அப்போது அவன் தம்பியும் அதே அணியில் இருந்தான். நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன? தோனியே சிஎஸ்கே தடையில் இருந்த இரண்டு வருஷம் புனே சட்டை போட்டு ஆடவில்லையா, நாம் பார்க்கவில்லையா?

அதனால் நான் இப்போது சொல்வது இதுதான். பையன்களைத் திட்டாதீர்கள். "காசு வந்ததும் விசுவாசம் போச்சு, கல்லூரி விளையாட்டு கெட்டுப்போச்சு" என்று டிவியில் பேசுகிற பெரிய மனிதர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2023-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது. அனுப்புவதற்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். கோச்சிங் பண்ணாமல் இருப்பதற்குச் சம்பளம், அய்யா! 2025 நவம்பர் கடைசியில் இன்னொரு பயிற்சியாளர், லேன் கிஃபின், என்ன செய்தார்? அவருடைய ஓல் மிஸ் அணி, அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழக அணி, பதினொரு ஆட்டம் ஜெயித்து பிளேஆஃப் வாசலில் நிற்கிறது, இவர் லூயிசியானாவின் எல்எஸ்யு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது என்று பையன்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் இல்லாமலே அந்தப் பிள்ளைகள் பிளேஆஃபில் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள், ஜார்ஜியாவையே சாய்த்தார்கள், எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். கோட்டு போட்டவர் மாறினால் தொழில் முன்னேற்றம், ஜெர்சி போட்டவன் மாறினால் துரோகம், இது என்ன நியாயம்?

என் கோபம் வேறு இடத்தில். இந்த வரைபடத்தைக் கிழித்தார்களே, அவர்கள் மேல்.

மேற்குக் கடற்கரைக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து 1915-லிருந்து ஒரு கூட்டமைப்பாக ஆடிவந்தன, கடைசியில் அதன் பெயர் பேக்-12. பெர்க்லி, ஸ்டான்ஃபோர்ட், யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஆரிகன், வாஷிங்டன், இப்படி. காரில் போய் ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பலாம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், திட்டிக்கொள்ளவும் பல வருஷப் பாக்கி இருக்கும். 2022-ல் பிக் டென் கூட்டமைப்பு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி டிவிக்காரர்களோடு ஏழு வருஷத்துக்கு ஏழு பில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. அதற்குச் சற்று முன்பே யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் அங்கே தாவ முடிவெடுத்துவிட்டன. அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் மூட்டை கட்டின. பன்னிரண்டில் கடைசியாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். பிக் டென்னில் இப்போது பதினெட்டு அணிகள், பெயர் இன்னும் பிக் டென்தான், கணக்குப் பாடம் நடத்துகிற பல்கலைக்கழகங்கள்!

எங்கள் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் ஏசிசியில் சேர்ந்தன. ஏசிசி என்றால் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு. என் மகள் மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா, நம்ம பக்கம் இருக்கிறது பசிஃபிக் இல்லையா?" என்று கேட்டாள். ஆமாம்மா. அதுவும் கெஞ்சிச் சேர்ந்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கும் டிவி பங்கில் முப்பது சதவீதம் போதும் என்று ஒப்புக்கொண்டு. ஃபுட்பால்காரர்கள் வாரத்துக்கு ஒரு ஆட்டம், தனி விமானம், சமாளித்துவிடுவார்கள். வாலிபால், சாஃப்ட்பால், சாக்கர் ஆடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். இங்கிருந்து பாஸ்டன் நாலாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்புவதைவிட அதிகம், அதுவும் ஒரு வழிக்கு மட்டும். போய் ஆடி, மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசத்தில் திரும்பி வந்து திங்கட்கிழமை காலை ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தேர்வு எழுத வேண்டும். இதற்குக் கையெழுத்துப் போட்ட யாரும் அந்த விமானத்தில் ஏறப்போவதில்லை.

நீச்சல் பற்றி எனக்குக் கொஞ்சம் சுயநலக் கவலை உண்டு, மறைக்கவில்லை. மகள் ஹைஸ்கூலில் நீந்துகிறாள். 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கு முடிந்தது, ஹவுஸ் வழக்கு என்பார்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கு 2.8 பில்லியன் டாலர் பாக்கி கொடுக்க வேண்டும், இனிமேல் ஒவ்வொரு கல்லூரியும் வருஷாவருஷம் விளையாடுகிறவர்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருஷத்தில் 20.5 மில்லியன் டாலர் வரை. நல்லதுதான், நான் கைதட்டினேன். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். வழக்குப் போட்ட கிராண்ட் ஹவுஸ் ஒரு நீச்சல் வீரர், அரிசோனா ஸ்டேட். பணத்தின் பெரும்பங்கு போவது ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும். கூடவே ஒவ்வொரு விளையாட்டுக்கும் இத்தனை பேர்தான் என்று தலைக்கணக்கு வைத்துவிட்டார்கள், அதில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த நீச்சல்காரர்கள், ஓட்டக்காரர்கள் பலருக்கு இடம் போயிற்று. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்டான்ஃபோர்ட்காரர்கள் மட்டும் 39 பதக்கம், பெர்க்லிக்காரர்கள் 23. பல நாடுகள் வாங்காத எண்ணிக்கை. அந்தக் குளத்துக்கெல்லாம் இத்தனை நாள் தண்ணீர் ஊற்றியது ஃபுட்பால் பணம். நாளைக்கு அது வற்றினால் யார் ஊற்றுவார்கள் என்று எந்தக் கல்லூரித் தலைவரும் இதுவரை நேராகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

தொழில்முறை அணிகளைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓக்லண்டைப் பற்றி நீளமாகப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். 2019-ல் கூடைப்பந்து அணி வாரியர்ஸ் பாலம் தாண்டி சான் ஃப்ரான்சிஸ்கோ போனார்கள். 2020-ல் ஃபுட்பால் அணி ரெய்டர்ஸ் லாஸ் வேகாஸ் போனார்கள். 2024 செப்டம்பர் 26-ல் பேஸ்பால் அணி ஏ'ஸ் ஓக்லண்டில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுக் கிளம்பியது. லாஸ் வேகாஸில் இன்னும் ஸ்டேடியம் தயாராகவில்லை, அதுவரை சாக்ரமெண்டோ பக்கம் ஒரு சின்ன மைதானத்தில் ஒண்டிக் குடித்தனம். ஐந்தே வருஷ இடைவெளியில் ஒரு ஊருக்கு மூன்று அணியும் போயிற்று. அப்புறம் டல்லாஸ் கூடைப்பந்து அணி. முந்தின வருஷம்தான் இறுதிப்போட்டி வரை தூக்கிக்கொண்டு போன லூகா டான்சிச்சை 2025 பிப்ரவரியில் ஒரு நடுராத்திரி லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான லாட்டரியில் முதல் இடம் விழுந்து, டியூக் கல்லூரிப் பையன் கூப்பர் ஃப்ளாக் வந்து சேர்ந்தான். கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். லூகாவை அனுப்பிய மேலாளரை நவம்பரில் அனுப்பினார்கள்.

மறுபடியும் மெண்டோசா. இந்த 2026 ஜனவரி 19, திங்கட்கிழமை, விடுமுறை. இண்டியானாவுக்கும் மியாமிக்கும் தேசிய இறுதிப்போட்டி, அதுவும் மியாமியின் சொந்த மைதானத்தில். இண்டியானா யார் தெரியுமா? கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே மிக அதிகம் தோற்ற அணி என்ற பெயரோடு அந்த சீசனுக்குள் நுழைந்தவர்கள். அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்து நிற்கிறார்கள், நடுவில் நம் பையன், வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும் ஹைஸ்மேன் கோப்பையை டிசம்பரிலேயே வாங்கிவிட்டவன். நான் பார்க்க மாட்டேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். மாலை ஆனதும் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், அதை விடுங்கள்.

கடைசிக் கால் பகுதி, 17-14. நாலாவது, அதாவது கடைசி முயற்சி, நாலு கஜம் வேண்டும். பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. மெண்டோசா பந்தை வீசவில்லை, தானே எடுத்துக்கொண்டு நடுவில் நுழைந்தான். ஒருவன் இடித்தான், சுழன்றான், இன்னொருவன் இடித்தான், கடைசியில் உடம்பு முழுவதையும் காற்றில் எறிந்து, பந்தைக் கோட்டுக்கு அப்பால் நீட்டி விழுந்தான். ஆட்டம் 27-21-ல் முடிந்தது, பதினாறுக்குப் பதினாறு. பெர்க்லியில் ரயிலில் பேசாமல் வந்தோமே, அந்த மியாமியை.

நான் எழுந்து நின்றிருந்தேன் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள், அலமாரியின் அடியில் ஒரு வருஷமாகச் சுருட்டிக் கிடந்த அந்த நீல ஜெர்சியைப் போட்டுக்கொண்டு. இண்டியானாவின் நிறம் சிவப்பு. ஆனால் அங்கேயும் அவன் நம்பர் பதினைந்துதான்.

"நம்பர் சரிதானே அப்பா?" என்றாள்.

இந்த நவம்பரில் பிக் கேம் மறுபடியும் பெர்க்லியில். போன வருஷம் 31-10 என்று தோற்று, மறுநாளே பயிற்சியாளரை அனுப்பியாயிற்று, இப்போது புது ஆள். இரண்டு டிக்கெட் எடுக்கப்போகிறேன். அந்தக் கரடிக் காதுத் தொப்பிப் பெரியவர் வருவார் என்று நினைக்கிறேன்.